ப்ரீ என்றால் முன்னாடி

பலம் முழுக்க இருந்தும் சத்தம் வராமல் போகலாம் என்பது எனக்குப் பதினோரு வயதில் தெரிந்தது. மாமாவின் சாமான் கொட்டகையில், ஸ்பீக்கர் பெட்டியில் காதை அழுத்திக்கொண்டு நின்றிருந்தேன். அக்கா கிட்டார் கம்பிகளை விரல் நோக அடித்துக்கொண்டிருந்தாள். பவர் ஆம்ப்பின் இரண்டு திருகுகளையும் மாமா கடைசி வரை திருகி வைத்திருந்தார். உள்ளே விசிறி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது, தூசி சூடாகிக் கருகும் வாசனை வந்தது. ஆனால் பெட்டியிலிருந்து வந்ததோ பக்கத்துத் தெருவில் யாரோ கொலுசு போட்டு நடப்பது போல ஒரு கிணுகிணுப்பு. காதை எடுத்தால் அதுவும் இல்லை.

எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. இது பெரிதாக்குகிற பெட்டி என்றால், பெரிதாக்குவதற்கு அதன் கையில் ஏதாவது கொடுக்க வேண்டாமா? கிட்டாருக்கும் இதற்கும் நடுவே ஒரு ஆள் குறைகிறது. இதைச் சொன்னேன். மாமா என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒயரை ஆட்டிப் பார்த்தார்.

நம் வயதுக்காரர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியும். கிட்டார் வாங்குகிறோம், கூடவே கைக்கு அடக்கமான ஒரு பெட்டி வாங்குகிறோம், செருகுகிறோம், வாசிக்கிறோம். அந்தப் பெட்டிக்குள் இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. கிட்டாரிலிருந்து வருவது நூலிழை போன்ற மின்சாரம். முதல் ஆள் அதை வாங்கித் தேற்றி, கனமா மெலிசா என்று குணம் கொடுத்து, ஆளாக்கி அனுப்புகிறார். இரண்டாம் ஆள் குணம் எதுவும் பார்ப்பதில்லை. வந்ததை அப்படியே பலமாக்கி ஸ்பீக்கரைத் தள்ளுகிறார். முதலாமவர் ப்ரீ ஆம்ப், இரண்டாமவர் பவர் ஆம்ப். பெரிய மேடைக்காரர்கள் இரண்டையும் தனித்தனியாக வாங்கி ஒரே சட்டத்தில் மேலும் கீழுமாகத் திருகி வைப்பார்கள். அந்தச் சட்டம்தான் ராக். எந்தக் கம்பெனி பெட்டியானாலும் அகலம் ஒன்றுதான், அதில் பொருந்தும். இவ்வளவுதான் விஷயம். இவ்வளவும் தெரியாமல் ஜவ்வாது மலையில் ஒரு வைகாசி மாதம் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே.

கிட்டார் அக்காவுடையது அல்ல. அக்கா என் பெரியப்பா மகள், வேலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஹாஸ்டலில் அவள் அறைத்தோழி வடகிழக்குப் பக்கத்துப் பெண். அவளிடம் கற்றுக்கொண்டு, அவளுடைய எலெக்ட்ரிக் கிட்டாரையே லீவுக்கு இரவல் வாங்கிக்கொண்டு போளூர் பஸ்ஸில் மலை ஏறி வந்துவிட்டாள். தோழியும் இன்னும் சிலரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கச்சேரி வாசிக்கப் போகிறார்களாம். அக்காவையும் கூப்பிட்டிருக்கிறார்களாம். பெரியப்பா சரி என்றால் போதும்.

பெரியப்பா களத்தில் பலாச்சுளை பிரித்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் எண்ணெய், சுற்றிலும் ஈ. வாசி பார்க்கலாம் என்றார். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு வயிறு கிடையாது. கெட்டிப் பலகை. பெட்டியில் செருகாமல் வாசித்தால் வாசிக்கிறவருக்கு மட்டும்தான் கேட்கும். அக்கா அதைச் சொல்லிவிட்டுத்தான் வாசித்தாள். பெரியப்பா குனிந்து, இன்னும் குனிந்து, கடைசியில் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாமா இது, காதுல கொசு வந்தாப்ல கீது."

"ஆம்ப்ளிஃபையர்ல போட்டா பெருசா கேக்கும்பா."

"எதுல போட்டாலும் கொசு கொசுதான்."

அதோடு விட்டிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். சாயந்திரம் அவர் என் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. ரெண்டு அடி தள்ளி நின்றால் கேட்காத சாமானை வாசிக்க எவன் ஒரு பெண்ணை ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை மேடைக்குக் கூப்பிடுவான்? கூப்பிடுகிறான் என்றால் வேறு எதற்கோ கூப்பிடுகிறான். பிள்ளையை யாரோ ஏமாற்றுகிறார்கள்.

அன்று எனக்குப் பெரியப்பா மேல் எரிச்சலாக வந்தது. இப்போது யோசித்தால் அவர் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பம்பை, உடுக்கை, மேளம் என்று அவர் பார்த்த வாத்தியமெல்லாம் தன் சத்தத்தைத் தானே சுமந்துகொண்டு வந்தவை. சத்தத்தை வேறு ஒரு பெட்டியில் விட்டுவிட்டு வருகிற வாத்தியத்தை அவர் எங்கே பார்த்தார்?

அக்கா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். பிறகு பெரியப்பாவே இறங்கி வந்து ஒரு வழி சொன்னார். மாரியம்மன் திருவிழாவுக்கு மேடை போடுவார்கள். அதில் ஒரு பாட்டு வாசிக்கட்டும். "ஊரு கேக்கட்டும். ஊருக்கு கேட்டுச்சின்னா போ. கேக்கலையா, அந்த சாமான திருப்பி குடுத்துட்டு படிக்கிற வேலய பாரு."

ஊருக்குக் கேட்க வேண்டும். அக்காவுக்கு வேண்டியதெல்லாம் அதுதான். ஊரில் எதையும் கேட்கவைக்கிற வேலை மாமாவுடையது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மைக் செட் வைத்திருந்தார். காதுகுத்து, கல்யாணம், சாவு எதுவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் முதலில் மரமேறும். ஆனால் அந்தப் பழைய ஆம்ப்ளிஃபையர் போன வருடம் ஒரு கல்யாணத்தில் புகைந்து படுத்துவிட்டது. சாம்பல் நிற இரும்புப் பெட்டி, சொரசொரப்பாக இருக்கும். மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். அதற்குப் பதிலாகக் கண்ணமங்கலத்தில் கலைந்துபோன ஒரு ஆர்கெஸ்ட்ராவிடமிருந்து ராக்கோடு வாங்கி வந்ததுதான் இந்தப் பவர் ஆம்ப். சக்கரம் வைத்த கறுப்புச் சட்டம். கீழே பவர் ஆம்ப் ஒரு ஆள் கனம். மேலே ஒரு சந்து காலியாக இருந்தது. இரண்டு பக்கமும் திருகு ஓட்டைகள். அந்தச் சந்தில் மாமா தன் சாப்பாட்டுத் தூக்கை வைத்திருந்தார். அளவாகப் பொருந்தியது.

கிட்டார் வெறுமனே கிணுகிணுத்த அன்று, மைக்கை இதில் செருகியபோதும் சத்தம் வரவில்லையா என்று அக்கா கேட்டாள். இன்னும் மைக் போட்டுப் பார்க்கவில்லை, செல்போன் பாட்டுத்தான் போட்டேன், அது பிளந்துகொண்டு போனது என்றார் மாமா. போனுக்குள்ளேயே தேற்றுகிற ஆள் இருக்கிறார் என்பது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது. எனவே முடிவு ஒன்றுதான்: கிட்டார் பழுது.

அக்கா விடவில்லை. மாமாவின் போனை வாங்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஏறினாள். நானும் ஓடினேன். மாமா பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். கண்ணமங்கலத்துக்காரர் கீபோர்டு வாசித்தவர், நிதானமான குரல். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் மூன்று பேருக்கும் கேட்டது.

"மேல இருந்த பெட்டில செருகனீங்களாமா?"

"மேல ஒண்ணும் இல்லீங்களே. காலியா கீது."

"ப்ரீ ஆம்ப்பு இருக்கணுமேமா. அது இல்லாம கிட்டாரு எப்டி கேக்கும்?"

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா தூரத்தில் மேய்ந்த ஆட்டைப் பார்த்தார்.

"மாமா, அந்த ப்ரீ பெட்டி எங்க?"

"ப்ரீயா வந்ததுதான அது."

 கண்ணமங்கலத்துக்காரர் திருத்தினார்: "ப்ரீ இல்லமா. ப்ரீ."

அதை அவர் எத்தனை முறை சொன்னாலும் எங்களுக்கு ஒன்று போலவே கேட்டது. கடைசியில் அவரே அலுத்துப்போய், "முன்னாடிமா, முன்னாடி. பவருக்கு முன்னாடி வர்றது" என்றார்.

அந்தக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். மிக்சி ப்ரீ, கிரைண்டர் ப்ரீ, ஃபேன் ப்ரீ, சோப்பு வாங்கினால் டப்பா ப்ரீ. எங்கள் பள்ளிக்கூடத்துப் பையும் செருப்பும்கூட ப்ரீ. அந்த முதல் எழுத்தை இங்கிலீஷில் எஃப் என்று எழுதினாலும் பி என்று எழுதினாலும் எங்கள் வாயில் ஒன்றாகத்தான் வரும். பவர் ஆம்ப் வாங்கினேன், கூட ஒரு ப்ரீ ஆம்ப் கொடுத்தார்கள் என்று மாமா நினைத்ததில் என்ன அதிசயம்? ப்ரீயாக வந்ததை வீட்டில் யார் வைத்துக்கொள்வார்கள்? இரண்டாவது மிக்சி வந்தால் என்ன செய்வோமோ அதைத்தான் அவரும் செய்திருந்தார்.

"அப்டி சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா?" என்று பாறையிலிருந்து இறங்கும்போது மாமா முணுமுணுத்தார். "முன்னாடி பெட்டின்னு சொன்னா வாய் வலிக்குதா?"

பெட்டி சந்தவாசலில் இருந்தது. அம்மாவின் தங்கை, என் சித்தி, அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தார். அவர் குழந்தைக்குக் காதுகுத்தியபோது மாமா தாய்மாமன் சீரில் அதையும் தட்டில் வைத்துவிட்டார். பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, பழம், நடுவில் ப்ரீ ஆம்ப். சபையில் எல்லோரும் அது டிவிடி பிளேயர் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

அம்மா சித்திக்குப் போன் போட்டார். நேரடியாகக் கேட்க முடியுமா? மழை உண்டா, புளி என்ன விலை போகிறது என்று சுற்றி வளைத்துப் போய், உன் அண்ணன் சீரில் வைத்த பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். சித்தி சந்தோஷமாகச் சொன்ன பதிலை அம்மா எங்களிடம் அப்படியே சொன்னார்: "மாமியார் அந்த பொட்டிய சாமி ரூம்ல வெச்சிகீறாங்களாம். சொருவுனா செவப்பு லைட்டு எரியுதாம். அணையாத வௌக்காட்டம் கீதாம்."

அக்கா உடனே பஸ் ஏறுகிறேன் என்றாள். மறுநாள் திருவிழா, போய்விட்டு வந்துவிடலாம். ஒரு நாளைக்கு இரவல் கேட்டால் என்ன? மாமா வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார். சீர் வைத்ததை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டாலும் கேட்டதுதான், தங்கச்சி அந்த வீட்டில் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கும் என்றார். அம்மாவும் மாமா பக்கம். அக்கா அழவில்லை. கிட்டாரை அதன் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அந்த ஜிப் சத்தம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

நான் கொட்டகைக்கு ஓடினேன். ஏன் ஓடினேன் என்று தெரியாது. எனக்குப் பொதுவாகவே உட்கார வராது. ராக்கைச் சுற்றி வந்தேன், தூக்கைத் திறந்து பார்த்தேன், கேபிள் சுருள்களை மிதித்தேன், மூலையில் சாக்கை இழுத்தேன். பழைய ஆம்ப்ளிஃபையர். பவர் ஆம்ப்புக்குக் கொடுத்திருந்த மின்சாரத்தைப் பிடுங்கி இதில் செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. செத்துப்போன பெட்டிக்கு விளக்கு எதற்கு எரிய வேண்டும்?

ஒரு யோசனை என் காலைச் சுட்டது. இந்தப் பெட்டியில் வருடக் கணக்காக மைக்கை நேராகச் செருகித்தானே மாமா பேசினார். மைக்கும் கிட்டார் மாதிரி நூலிழைதான். அப்படியானால் தேற்றுகிற ஆள் இதற்குள்ளேயே இருந்திருக்கிறார். செத்தது அவரா, மற்றவரா?

பெட்டியைத் திருப்பினேன். பின்பக்கம் வரிசையாக ஓட்டைகள். மாமா ஒவ்வொன்றின் மேலும் மருத்துவமனைப் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் எழுதியிருந்தார். மைக்கு ஒண்ணு. மைக்கு ரெண்டு. கொழாய். கடைசி ஓட்டையைப் பிளாஸ்திரியே மூடியிருந்தது. அதன் மேல் எழுதியிருந்தது: ப்ரீ.

மாமாவை இழுத்து வந்து காட்டினேன். அவர் அலட்சியமாகப் பார்த்தார். "அது ப்ரீ ஓட்ட பாப்பா. ஒண்ணுத்துக்கும் ஒதவாது. சும்மா கெடக்குது."

நான் பிளாஸ்திரியை உரித்தேன். பசை காய்ந்து துணுக்குத் துணுக்காக வந்தது. கீழே வெள்ளை எழுத்து: PRE OUT, முன்னாடி ஆள் வெளியே வரும் வழி. அக்காவைக் கூப்பிட்டேன். அவள் குனிந்து படித்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் கிட்டார் இருந்தது.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் அவர் முழுவதையும் பிடித்துக்கொண்டார். முன்னாடிக்காரன் உயிரோடு இருக்கிறான், பின்னாடிக்காரன்தான் புகைந்தான் என்றார். புதுசில் பின்னாடிக்காரன் மட்டும் இருக்கிறான். அப்புறம் என்ன, அவன் வாயில் வருவதை இவன் காதில் ஊற்ற வேண்டியதுதானே. இரண்டு ஓட்டையும் வேறு வேறு அளவு. ஒரு ஒயரை வெட்டி, இரண்டு முனைக்கும் இரண்டு பின் வைத்து, பற்றவைத்துக் கொடுத்தார். ஈயம் உருகும் வாசனையும் பழுத்த பலா வாசனையும் சேர்ந்து எனக்குத் தலை சுற்றியது.

அக்கா ஒரு கம்பியைத் தொட்டாள். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. வெளியே கோழிகள் சிதறின.

சுத்தமான சத்தம் என்று சொல்ல மாட்டேன். மைக்குக்காகச் செய்த வாசலில் கிட்டார் நுழைந்தால் நெரிசல்தான். ஒவ்வொரு சுரமும் ஓரம் கிழிந்து, தொண்டை கட்டிய ஆள் உரக்கப் பாடுவது போல வந்தது. அக்கா முகம் சுளித்தாள், தோழியின் ஆம்ப்பில் இப்படி வராது என்றாள். நேரம் இல்லை.

மறுநாள் பொழுது சாயும் வேளையில் மேடை ஏறினாள். நான் மேடையைப் பார்க்கவே இல்லை. ராக்குக்குப் பின்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். மாமா பற்றவைத்த ஒயர் முனை அந்த ப்ரீ ஓட்டையில் ஆடியது. கையை எடுத்தால் உர்ர் என்று உறுமல், விரலால் அழுத்திப் பிடித்தால் சரி. விரலில் எறும்பு ஊர்வது போல மின்சாரம் கூசியது. அக்கா அம்மன் பாட்டு ஒன்றின் மெட்டை எடுத்தாள், எங்கள் மலையில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த மெட்டு. கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. சிலர் காதைப் பொத்தினார்கள் என்று அம்மா பிறகு சொன்னார். இரண்டாம் அடி வந்தபோது பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வார்த்தையைப் போட்டது. அப்புறம் இரண்டு, நான்கு. பம்பைக்காரர் உட்கார்ந்தபடியே விரலால் தட்ட ஆரம்பித்தார்.

அப்போது மாமா என் பக்கத்தில் குனிந்து, "உங்க பெரியப்பா எழுந்து போய்ட்டாரு" என்றார்.

பாட்டு நடுவிலேயே. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, துண்டை உதறிவிட்டுப் போயிருக்கிறார். அக்காவும் பார்த்துவிட்டாள். எனக்கு அது சத்தத்திலேயே தெரிந்தது. ஒரு இடத்தில் தாளம் தடுக்கி விழுந்து, எழுந்து, வேகமாக ஓடி முடிந்தது. ஊர் கைதட்டியது. அக்கா இறங்கி வந்து ராக்குக்குப் பின்னால் என்னோடு உட்கார்ந்துகொண்டாள். கைவிரல் நுனிகள் சிவந்திருந்தன. ஊருக்கே கேட்டது, கேட்க வேண்டியவர் கிளம்பிவிட்டார் என்றாள்.

அடுத்து கூத்துக்காரர்கள் சாமான் இறக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம்தான் பெரியப்பா வந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. எங்களைத் தேடி மேடையின் பின்பக்கம் வந்து, ராக்கையும் பழைய பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓடைக்கு அந்தாண்ட வரைக்கும் போய்ட்டு வந்தேன். நம்ம வூட்டு வாசல் வரைக்கும் கேக்குது" என்றார். அக்காவைப் பார்க்காமல் வேட்டியைப் பிழிந்தார். "திங்கக்கெழம பஸ்சு எத்தினி மணிக்கு?"

அக்கா போனாள். படித்தாள், நர்ஸ் ஆனாள், ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்கவும் செய்கிறாள். சுத்தமான சத்தம் வருகிற, விலை கூடிய ப்ரீ ஆம்ப் வைத்திருக்கிறாள். நான் போளூருக்குப் போய்ப் படித்து, எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமா முடித்து, இப்போது மாமாவின் ராக்கை நானே கட்டுகிறேன். கொட்டகைக்குள் நின்றால் இப்போதும் கால் நிற்பதில்லை. சந்தவாசலுக்குப் போகும்போதெல்லாம் சாமி அறையில் அந்த விளக்கைக் கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன். பெட்டியைத் திருப்பிக் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை.

இந்த வருடத் திருவிழாவுக்கு அக்கா தன் குழுவோடு மலைக்கு வருகிறாள். பெரியப்பாவுக்கு மூட்டு போய்விட்டது, ஓடையைத் தாண்டி வர முடியாது. முன்பிருந்ததைவிட மரம் அடர்ந்துவிட்டதால் மேடைச் சத்தம் அவர் வாசலுக்குப் போய்ச் சேரும்போது வெறும் தும் தும் மட்டும்தான் மிஞ்சுகிறது. தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைக்கிறோம் என்றோம். நான் என்ன சாமியா, தூக்கிக்கொண்டு வர என்று கேட்டுவிட்டார்.

எனக்கு ஒரு யோசனை. முன்னாடிக்காரனும் பின்னாடிக்காரனும் ஒரே ராக்கில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ப்ரீ ஆம்ப் மேடையிலேயே இருக்கட்டும். அது தேற்றி அனுப்புகிறதை, இரைச்சல் ஒட்டாத இரட்டைப் பின்னல் ஒயரில் ஓடைக்கு மேலே கொண்டுபோய், அந்தக் கரையில் பவர் ஆம்ப்பையும் ஒரு ஸ்பீக்கரையும் பெரியப்பா வாசலிலேயே வைத்துவிட்டால்? பலமாக்கிய பிறகு அவ்வளவு தூரம் அனுப்பினால் பாதி வழியிலேயே ஒயர் தின்றுவிடும். பலமாக்குவதற்கு முன்னால் அனுப்பினால் போகும். போகும் என்றுதான் நினைக்கிறேன். மாமா நம்பவில்லை, ஆனால் கேபிள் சுருளை எடுத்து வெயிலில் காயப்போட்டிருக்கிறார்.

நாளைக் காலையில் ஒயரோடு ஓடையில் இறங்குகிறேன். பெரியப்பா ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டிருக்கிறார், அவருடைய பலா மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது.